பேரனுக்குக் கேட்கும் குடியுரிமையைத் தாத்தா துறக்கலாமா?

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து 67 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

1988-இல் வேலைக்காக அமெரிக்கா போனவர். மிச்சிகனில் கார் உதிரிபாகத் துறையில் என்ஜினீயர். 2003-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். மகள் 1995-இல் அங்கேயே பிறந்தவர். 2007-இல் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போக, மனைவியும் 12 வயது மகளும் கோவைக்குத் திரும்பினார்கள். இவர் மட்டும் 2019 வரை அங்கே வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்று வந்தார். மனைவி இந்தியக் குடியுரிமையை விடவில்லை. கிரீன் கார்டு எப்போதோ போய்விட்டது. மகள் கோவையிலேயே படித்து, அங்கேயே ஐடி வேலை, உள்ளூர் மாப்பிள்ளை. பேரனுக்கு இப்போது ஒன்றரை வயது.

அவர் எழுதியிருப்பது: "என் பாஸ்போர்ட்டும் மகளின் பாஸ்போர்ட்டும் காலாவதியாகிவிட்டன. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பிறந்த நாட்டுக்கே திரும்பி ஐந்து வருஷம் இருந்தால், குடியுரிமை தானாகப் போய்விடும் என்கிறார் ஒரு நண்பர். இந்தியாவுக்கு வந்ததிலிருந்து அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு கொடுக்கவில்லை. அங்கே இருந்து வருவது சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் மாதம் 2,100 டாலர் மட்டும்தான். இப்போது வங்கியில் 'நீங்கள் அமெரிக்கரா' என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். மிச்சிகனில் நண்பர் வீட்டு முகவரிக்கு, கோர்ட்டில் ஜூரியாக வந்து உட்காரச் சொல்லும் சம்மன் வந்திருக்கிறதாம். இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம், குடியுரிமையைத் துறந்துவிடலாமா என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் பேரனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சென்னை கான்சுலேட்டுக்குப் போய் அவனைப் பதிவு செய்துவிட வேண்டும். தாய் அமெரிக்கர் என்பதால் அவனும் அமெரிக்கன்தானே? பரணில் மூன்று அட்டைப்பெட்டி அமெரிக்கக் காகிதம் கிடக்கிறது. இந்த ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறாள் மனைவி."

ஐயா, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பெட்டிகளைப் போடாதீர்கள். உங்கள் பேரனுக்குக் குடியுரிமை வரும் வழி ஒன்று இருந்தால், அது அந்தப் பரணில்தான் இருக்கிறது. அம்மாவை வைத்து அவனுக்குக் குடியுரிமை கிடைக்காது, உங்களை வைத்துத்தான் கிடைக்கும். அதனால்தான், நீங்கள் குடியுரிமையைத் துறப்பதா வேண்டாமா என்பது உங்கள் ஒருவரைப் பற்றிய கேள்வியாக இல்லை.

தாய் அமெரிக்கர், ஆனாலும் பேரன் அமெரிக்கன் இல்லை

இது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் "அது எப்படி?" என்று எழுந்து நிற்பார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்தால் குடியுரிமை தானாக வரும். வெளிநாட்டில் பிறந்தால் அப்படி வராது, பெற்றோர் வழியாக வந்தாக வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கராக இருந்து, திருமணமானவர்களாகவும் இருந்தால், அந்த அமெரிக்கர் குழந்தை பிறப்பதற்கு முன்பே மொத்தம் 5 ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டுகளாவது தன் 14 வயதுக்குப் பிறகு இருந்திருக்க வேண்டும்.

உங்கள் மகள் பிறந்ததிலிருந்து 12 வயதுவரை அங்கே இருந்தார். 5 ஆண்டுக் கணக்கு தாராளமாகத் தேறும். இடிப்பது அந்த இரண்டாவது நிபந்தனை. 14 வயதானபோது அவர் கோவையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். கோடை விடுமுறைக்கு ஐந்தாறு வாரம் உங்களிடம் வந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களும் கணக்கில் சேரும். விடுமுறைக்கு வந்தார் என்பதற்காக யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் பயணங்களை எல்லாம் கூட்டினாலும் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை. தேவை 730 நாள். இனிமேல் மகள் அமெரிக்கா போய் இரண்டு வருஷம் இருந்தாலும் இந்தக் குழந்தைக்குப் பயனில்லை, ஏனென்றால் அவன் பிறப்பதற்கு முந்தைய நாட்கள்தான் எண்ணப்படும். அடுத்து ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு உதவும்.

அதனால், வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கான பதிவுக்கு 100 டாலர் கட்டி, ஜெமினி மேம்பாலத்துக்கு எதிரே வெயிலில் காத்திருந்து, உள்ளே போய் "முடியாது" என்று கேட்டுவிட்டு வராதீர்கள். கட்டணம் திரும்பி வராது. அதிகாரி மனது வைத்தால் நடக்கிற காரியமும் இல்லை, சட்டத்தில் அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. போகும் முன் மகளின் பழைய பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து, 14-ஆவது பிறந்தநாளுக்குப் பிந்தைய ஒவ்வொரு வருகையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நான் சொல்வது தப்பாக இருந்தால் எனக்கு சந்தோஷம்தான்.

தாத்தா வழி

பெற்றோருக்கு அந்தக் கணக்கு தேறாதபோது, பெற்றோரின் பெற்றோரை வைத்துத் தேற்றிக்கொள்ள அமெரிக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 322-ஆவது பிரிவு இடம் தருகிறது. அமெரிக்கக் குடிமகனான தாத்தாவோ பாட்டியோ 5 ஆண்டுகள், அதில் 2 ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு, அமெரிக்காவில் இருந்திருந்தால் போதும். நீங்கள் 31 வருஷம் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் குடிமகன் ஆவதற்கு முன் விசாவிலும் கிரீன் கார்டிலும் இருந்த வருஷங்களும் இதில் சேரும்.

படிவத்தின் பெயர் என்-600கே. இதைக் கான்சுலேட்டில் கொடுப்பதில்லை, அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 1,300 டாலருக்கு மேல். குழந்தை வெளிநாட்டில், அமெரிக்கக் குடிமகளான தாயின் பராமரிப்பில் இருக்க வேண்டும். உங்கள் பேரன் இருக்கிறான். நேர்காணல் அமெரிக்காவிலேயே நடக்கும். அதற்கான அழைப்புக் கடிதத்தைக் காட்டி அவனுக்கு சுற்றுலா விசா வாங்கி, சட்டப்படி உள்ளே அழைத்துப் போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பொதுவாக உறுதிமொழி தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். விண்ணப்பம் போட்டதிலிருந்து சான்றிதழ் கைக்கு வருவதுவரை எல்லாமே 18 வயதுக்குள் முடிந்தாக வேண்டும். 17 வயதில் விழித்துக்கொண்டு ஓடிவந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும் என்பதால்தான் பரண் பெட்டி. டபிள்யூ-2 தாள்கள் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), பழைய வரிக் கணக்கு நகல்கள், சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், மகளின் அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ். "எனக்கு 31 வருஷம் இருக்கிறது, 5 வருஷம் நிரூபிப்பது பெரிய விஷயமா" என்பீர்கள். வீடு மாறும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்ட ஒருவர், ஒவ்வொரு பழைய முதலாளிக்கும் மின்னஞ்சல் அனுப்பி, அதில் இரண்டு கம்பெனிகள் மூடிப்போய், கடைசியில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் வருமானப் பட்டியலை வைத்து ஒப்பேற்றிய கதை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியல் உங்களுக்கும் கிடைக்கும், ஆனால் கையில் இருப்பதை எடைக்குப் போடுவானேன்?

இன்னொரு வழியும் உண்டு. மகளும் மாப்பிள்ளையும் என்றாவது அமெரிக்காவிலேயே குடியேற முடிவு செய்தால், குழந்தைக்கு நிரந்தரக் குடியேற்ற விசா வாங்கி, 18 வயதுக்குள் தாயோடு அங்கே வாழப் போய்விட்டால், 2001-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அவன் தானாகவே குடிமகன் ஆகிவிடுவான். அங்கே போகும் எண்ணமே இல்லாதவர்களுக்குத்தான் தாத்தா வழி.

வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்

முடியுமா என்று கேட்டீர்கள், வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் கேட்கிறேன். பேரன் இப்போது இந்தியக் குடிமகன். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால் இந்தியக் குடியுரிமையை முடித்துவிடுகிறது. அப்புறம் அவனுக்கும் ஓசிஐதான். ஓசிஐ என்பது ஆயுள் விசா மாதிரி, குடியுரிமை அல்ல. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

இதெல்லாம் உங்களுக்குப் பழக்கம்தான். பலர் கவனிக்காதது படிப்பு. 2021 மார்ச் 4-ஆம் தேதி வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, நீட் போன்ற நுழைவுத் தேர்வு எழுதும் ஓசிஐ மாணவர்கள் என்ஆர்ஐ இடங்களுக்குத்தான் போட்டியிட முடியும். 2023-இல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கைக்கு முன்பே ஓசிஐ வாங்கியிருந்தவர்களைத்தான் இதிலிருந்து காப்பாற்றியது. உங்கள் பேரன் இனி வாங்கினால் புதிய விதிதான். கோவையில் வளர்ந்து, தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் தேடப்போகிற பையனாக இருந்தால், இது சின்ன விஷயம் இல்லை. அது மட்டுமல்ல, உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வருஷா வருஷம் கணக்குக் கொடுக்கும் கடமையும் கூடவே வரும். குடியுரிமையை வைத்து இப்படி வரிக் கணக்குக் கேட்கும் நாடுகள் உலகத்திலேயே இரண்டுதான்: அமெரிக்காவும் எரித்ரியாவும்.

என் அபிப்பிராயம் கேட்டால், இப்போதே விண்ணப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆதாரங்களைத் திரட்டி வையுங்கள், நீங்கள் குடிமகனாகவே இருங்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், மாப்பிள்ளை இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

ஐந்து வருஷத்தில் போய்விடாது

உங்கள் நண்பர் சொன்னது வெறும் வதந்தி இல்லை, 60 வருஷத்துக்கு முன்பே செல்லாமல் போன சட்டம். பிறந்த நாட்டுக்குத் திரும்பி மூன்று ஆண்டு தொடர்ந்து வசித்தால், குடியுரிமை வாங்கியவர்கள் அதை இழப்பார்கள் என்று 1952 சட்டத்தில் ஒரு பிரிவு உண்மையிலேயே இருந்தது. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கல்யாணமாகி ஜெர்மனிக்கே போன ஏஞ்சலிகா ஷ்னைடர் என்ற பெண்ணுக்கு அதைக் காட்டித்தான் பாஸ்போர்ட் மறுத்தார்கள். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. பிறப்பால் குடிமகனானவருக்கு இல்லாத நிபந்தனையை, விண்ணப்பித்துக் குடிமகனானவருக்கு மட்டும் போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வெளியே இருந்தால் போய்விடுவது கிரீன் கார்டு. உங்கள் மனைவிக்கு நடந்ததைப் பார்த்து உங்களுக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

பாஸ்போர்ட் காலாவதியானாலும் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஓசிஐ அட்டை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவுக்குள் போகவும் வரவும் அந்த நாட்டு பாஸ்போர்ட் வேண்டும். பழைய புத்தகம் கையில் இருந்து, அது 16 வயதுக்குப் பிறகு வாங்கியதாகவும், கொடுத்து 15 ஆண்டுக்குள்ளாகவும் இருந்தால், டிஎஸ்-82 படிவத்திலேயே புதுப்பிக்கலாம். நீங்கள் ஓசிஐ வாங்கியபோது 50-ஐ நெருங்கியவர் என்பதால் அட்டையை மறுபடி வாங்க வேண்டாம். புதிய பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் சரி. மகளுக்கு அப்படி இல்லை. 20 வயதுக்கு முன் வாங்கிய அட்டை என்றால், 20 வயதுக்குப் பின் புது பாஸ்போர்ட் வாங்கும்போது ஒரு முறை அட்டையையும் புதிதாக வாங்க வேண்டும்.

வரிக் கணக்கு கொடுக்காதவன் பாஸ்போர்ட் கேட்டுப் போனால் பிடித்துவிடுவார்களோ என்று தயங்குகிறீர்கள். கணக்கு கொடுக்காததற்காக பாஸ்போர்ட்டை மறுப்பதில்லை. வரித்துறை கணக்கிட்டு, கேட்டு, கட்டாமல் விட்ட பாக்கி ஒரு வரம்பை (2025-இல் 64,000 டாலர்) தாண்டும்போதுதான் பாஸ்போர்ட்டை மறுக்கும் சட்டம் வேலை செய்யும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

வரி: கட்ட வேண்டியது கொஞ்சம், சொல்ல வேண்டியது நிறைய

"இங்கே வரி கட்டுகிறேன், அதனால் அங்கே கிடையாது" என்பது பாதி உண்மை. இங்கே கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் கணக்குக் கொடுத்தால்தான் கழிக்க முடியும். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் புதிய முறையில் 12 லட்சம்வரை வரி இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். இங்கே வரி பூஜ்யம் என்றால் அங்கே கழிக்கவும் ஒன்றும் இருக்காது. எஃப்டி வட்டி, வீட்டு வாடகை, சோஷியல் செக்யூரிட்டியில் 85 சதவீதம் வரை, எல்லாம் அங்கே வருமானம்தான். வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு என்று இருக்கும் பெரிய விலக்கு, அதாவது 2025-க்கு 1,30,000 டாலர், உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு மட்டும்தான். பென்ஷன், வட்டி, வாடகைக்குக் கிடையாது. அதனால் உங்களுக்குச் சின்னத் தொகை வரி வரலாம்.

உங்கள் மகளுக்கு அந்த விலக்கு முழுசாகக் கிடைக்கும், அவர் சம்பளத்துக்கு வரி வராது. ஆனால் அவரும் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. அமெரிக்கர் அல்லாத கணவர் இருப்பவர் தனியாகத் தாக்கல் செய்தால், கணக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச வருமானம் எவ்வளவு தெரியுமா? 5 டாலர். ஐநூறு அல்ல, ஐந்துதான். அவர் மாதாமாதம் போடும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் வேறு ஜாதி. வெளிநாட்டு ஃபண்டுகளுக்கு அங்கே வரி விதி கடுமையானது, ஃபண்டுக்கு ஒரு படிவம் என்று 8621 நிரப்ப வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்த ஆடிட்டரைப் பார்க்கும்வரை இருவரும் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம்.

அப்புறம் எஃப்பார். இது வரிக் கணக்கு அல்ல. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் கணக்குகள் எல்லாவற்றின் மொத்தமும் வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தெரிவிக்க வேண்டிய அறிக்கை. மனைவியோடு கூட்டாக உள்ள கணக்கில் பாதி என்று போடக் கூடாது, முழுத் தொகையும் போட வேண்டும். உங்கள் கடிதத்தின் நான்காவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ஊர்க் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டிக்கு நீங்கள்தான் பொருளாளர், செக்கில் உங்கள் கையெழுத்து. அந்தப் பணத்தில் ஒரு பைசா உங்களுடையது இல்லை. இருந்தாலும் கையெழுத்து அதிகாரம் உள்ள கணக்கையும் எஃப்பாரில் காட்ட வேண்டும். முருகன் கோயில் உண்டியல் காசு வாஷிங்டனுக்கு எதற்கு என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

விட்டுப்போன வருஷங்களுக்கு என்ன செய்வது? தெரியாமல் விட்டவர்களுக்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வாழ்பவர்கள் கடைசி 3 ஆண்டு வரிக் கணக்கும், 6 ஆண்டு எஃப்பாரும் கொடுத்து, வேண்டுமென்று செய்யவில்லை என்பதை 14653 என்ற படிவத்தில் தன் கதையாக எழுதிக் கையெழுத்திட்டால், அபராதம் இல்லை. வரியும் வட்டியும் மட்டும். வரித்துறை உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்களாகப் போனால்தான் இந்தச் சலுகை. அந்தக் கதையை இணையத்திலிருந்து நகலெடுக்காதீர்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன நினைத்தீர்கள், எப்போது தெரிந்தது என்று நடந்ததை எழுதுங்கள்.

வங்கி கொடுத்த படிவம்தான் இதில் அவசரம். 2015-இல் இந்தியாவும் அமெரிக்காவும் ஃபாட்கா ஒப்பந்தம் போட்டபின், இங்குள்ள வங்கிகள் அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை இந்திய அரசு வழியாக அங்கே அனுப்புகின்றன. "இல்லை என்று டிக் பண்ணிடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று கவுன்டரில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். இதுவரை நீங்கள் தெரியாமல் விட்டவர். அந்த ஒரு டிக் உங்களைத் தெரிந்தே மறைத்தவராக்கிவிடும். தெரியாமல் விட்டதற்கு 16,000 டாலருக்கு மேல்வரை அபராதம் என்றால் (2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒவ்வொரு கணக்குக்கும் அல்ல, ஒவ்வொரு அறிக்கைக்கும் என்று குறைத்தது), வேண்டுமென்றே மறைத்ததற்கு இருப்பில் பாதிவரை போகும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. இந்தியாவில் நீங்கள் முழு ரெசிடென்ட் ஆகிவிட்டதால், மிச்சிகன் வங்கிக் கணக்கையும் 401-கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பையும் இங்கத்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். உங்கள் கோவை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

துறப்பதைப் பற்றி

இப்போது உங்கள் தலைப்புக் கேள்விக்கு வரலாம். துறந்தால் பழைய பாக்கி அழிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அழியாது. கடந்த 5 ஆண்டு வரிக் கடமைகளைச் சரியாக முடித்தேன் என்று உறுதி கொடுக்க முடியாதவரை, சொத்து குறைவாக இருந்தாலும், குடியுரிமையைத் துறப்பவர்களுக்கான வெளியேறும் வரிக்குள் தள்ளிவிடுவார்கள். ஆக, எந்தக் கணக்குக்குப் பயந்து ஓட நினைக்கிறீர்களோ அதை முடித்துவிட்டுத்தான் ஓட முடியும்.

அடுத்தது, ஓசிஐ குடியுரிமை இல்லை என்பதால், இன்று துறந்தால் நாளைக்கு நீங்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை. ஓசிஐ வாங்கி 5 ஆண்டும், இங்கே தொடர்ந்து ஓராண்டும் ஆனவர்கள் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் தகுதியானவர்தான், ஆனால் அந்த ஏற்பாடு முதலில் நடக்க வேண்டும்.

மூன்றாவது பணம். அமெரிக்கர் அல்லாதவராக இந்தியாவில் இருந்தால், தனியார் வேலையில் சம்பாதித்த சோஷியல் செக்யூரிட்டியில் 85 சதவீதத்துக்கு 30 சதவீத வரி பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். 2,100 டாலரில் மாதம் 535 டாலர் போகும். இப்போது குடிமகனாகக் கணக்குக் கொடுத்தால் அதில் நாலில் ஒரு பங்குகூட வராது என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல், பேரனுக்கான 322-ஆவது பிரிவில் தாத்தா குடிமகனாக இருக்க வேண்டும். குடிமகனாக இருந்து இறந்துபோன தாத்தாவை வைத்துக்கூட விண்ணப்பிக்க முடியும். குடியுரிமையைத் துறந்து உயிரோடு இருக்கும் தாத்தாவை வைத்து முடியாது. பாட்டியும் அமெரிக்கர் இல்லை. அந்தப் பையனுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

நண்பர் வீட்டு முகவரி

உங்கள் பாதிப் பிரச்சினை அந்த முகவரியில் இருக்கிறது. ஜூரி சம்மனுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் பதில் போடாமலும் இருக்கக் கூடாது. ஜூரியாக இருப்பவர் அந்த கவுன்ட்டியில் வசிப்பவராக இருக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கிறேன், இன்ன வருஷம் முதல் என்று படிவத்தில் எழுதி அனுப்பினால் விடுவித்துவிடுவார்கள். நண்பரைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், படிவத்தை ஸ்கேன் செய்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குக் கோவை முகவரியைக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 7162 என்று ஒரு கேள்வித்தாள் தபாலில் வரும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று நம் ஊர் கருவூலம் கேட்கிற மாதிரிதான். அதைத் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். மெடிகேர் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பி பிரிவுக்கு மாதாமாதம் பிடித்தம் போகிறதா என்றும் பாருங்கள். கோவை ஆஸ்பத்திரி பில்லுக்கு அது ஒரு டாலர் தராது. நிறுத்தினால் பின்னால் சேரும்போது ஆண்டுக்கு 10 சதவீதம் கூடும் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

அமெரிக்கத் தேர்தலில் ஓட்டு போட வேண்டும் என்ற ஆசையைக் கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். கூச்சம் எதற்கு? 1986 சட்டப்படி அது உங்கள் உரிமை. கடைசியாக வசித்த மிச்சிகன் முகவரியை வைத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் ஃபெடரல் போஸ்ட் கார்டு விண்ணப்பம் ஒன்றை அனுப்பினால், தேர்தலுக்கு 45 நாள் முன்னதாக அங்குள்ள தேர்தல் அலுவலகம் உங்களுக்கு ஓட்டுச்சீட்டை அனுப்பியாக வேண்டும். ஃபெடரல் பதவிகளுக்கு, அதாவது மத்திய அரசுப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப் போடுவதால் மிச்சிகன் மாநில வரி உங்கள் தலையில் விழாது, அதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவி என்ன செய்வார் என்பதையும் கேட்டிருந்தீர்கள். கான்சுலேட் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டாது, வழக்காடாது. ஆனால் இங்கே வாங்கும் இறப்புச் சான்றிதழையும் உங்கள் பாஸ்போர்ட்டையும் கொடுத்தால், வெளிநாட்டில் இறந்த குடிமகனுக்கான அறிக்கையை எழுதித் தரும். மிச்சிகன் வங்கியிலும் 401-கே கம்பெனியிலும் அந்தத் தாள்தான் செல்லும். அதனால் புது பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்.

பெட்டிகளை இறக்கும்போது உங்கள் பழைய பாஸ்போர்ட்டுகளை மட்டும் முதலில் தனியாக எடுத்து வையுங்கள், ரத்து செய்து மூலை வெட்டித் தந்த அந்த இந்திய பாஸ்போர்ட் உட்பட. 1988-இல் முதன்முதலாக இறங்கியபோது குத்திய முத்திரை அதில்தான் இருக்கும்.